பந்து உருளாத மாதங்கள்



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அது ஜூன் மாதம். "சார், இங்கிலாந்தில் இப்போது ஆட்டமே கிடையாது. ஆனாலும் பத்திரிகையில் தினமும் இங்கிலாந்துக் காற்பந்துச் செய்தி வருகிறதே, ஏன் சார்?" என்றான். நல்ல கேள்வி. அதற்கு வகுப்பில் நான் சொன்ன பதில் சிறியது. அந்தப் பதிலின் பின்னால் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

இங்கிலாந்தின் முதல்நிலைக் காற்பந்துப் போட்டிகள் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. இடைப்பட்ட கோடைக்காலத்தில் திடல்கள் காலியாகக் கிடக்கும். புல் வளர்வதற்காக அவற்றைப் பூட்டி வைத்திருப்பார்கள். பந்து உருளாத இந்த மாதங்களில்தான் காற்பந்தின் விதிகள் மாறுகின்றன; யார் எந்தக் குழுவில் ஆடுவார் என்பதும் முடிவாகிறது. ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்ற முடியாதல்லவா?

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1925ஆம் ஆண்டு வரை 'ஆஃப்சைட்' விதி மிகக் கடுமையாக இருந்தது. முன்னே நிற்கும் தன் குழுவினருக்கு ஒருவர் பந்தைத் தட்டும்போது, அதைப் பெறுபவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று எதிர் ஆட்டக்காரர்கள் இருக்க வேண்டும். நியூகாசல் குழுவின் பில் மெக்கிராக்கன் போன்ற தடுப்பு ஆட்டக்காரர்கள் சரியான சமயத்தில் முன்னே நகர்ந்துவிட்டு, எதிரணியை ஆஃப்சைடில் சிக்க வைப்பதில் கைதேர்ந்திருந்தார்கள். கோல்கள் குறைந்தன. பார்க்க வந்தவர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. ஆகவே 1925 ஜூன் மாதத்தில் மூன்று என்பதை இரண்டு என்று மாற்றினார்கள். ஓர் எண்தான் மாறியது. முந்திய ஆண்டு இங்கிலாந்து லீக் போட்டிகள் முழுவதிலும் 4,700 கோல்கள் விழுந்திருந்தன. மறு ஆண்டு 6,373 கோல்கள் விழுந்தன!

இதேபோல, சொந்தக் குழுவினர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தட்டும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது. அதே ஆகஸ்டில்தான் பிரீமியர் லீக்கும் தொடங்கியது.

இவையெல்லாம் திடலுக்குள் நடக்கும் ஆட்டத்துக்கான விதிகள். திடலுக்கு வெளியே இன்னொரு விதி இருந்தது. ஆடுகிற மனிதனின் வயிற்றையும் வாழ்க்கையையும் கட்டிப்போட்ட விதி அது. ஒவ்வொரு கோடையிலும் அந்த விதி ஆட்டக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியது. அதன் கதை, உழைத்துச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் அவசியம் கேட்க வேண்டிய கதை.

இங்கிலாந்தில் காற்பந்துச் சங்கம் 1863ஆம் ஆண்டு தோன்றியது. தொடக்கத்தில் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டம், விரைவில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களிடமும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் பரவியது. பணக்காரர் சும்மா ஆடலாம். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர் வேலையை விட்டுவிட்டு ஆட வந்தால் அடுப்பு எரிய வேண்டாமா? ஆகவே குழுக்கள் திரைமறைவில் பணம் கொடுத்தன. மேல்தட்டினர் அதை எதிர்த்தார்கள். பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 1885 ஜூலையில், அதுவும் ஒரு கோடைக்காலத்தில்தான், பணம் பெற்று ஆடுவது சட்டப்படி செல்லும் என்று சங்கம் ஏற்றுக்கொண்டது. 1888ஆம் ஆண்டு 12 குழுக்கள் சேர்ந்து 'லீக்' என்னும் தொடர் போட்டியைத் தொடங்கின.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. நல்ல ஆட்டக்காரர் எந்தக் குழு கூடுதலாகக் கொடுக்கிறதோ அங்கே போய்விடுவார். பணக்காரக் குழு எல்லாரையும் இழுத்துக்கொண்டால் சின்ன ஊர்க் குழு என்ன ஆகும்? இந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து நோயைவிடக் கொடியதாயிற்று.

1890களில் லீக் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் ஒரு குழுவின் பேரில் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஆண்டுப் போட்டிகள் முடியும் தறுவாயில் குழு நிர்வாகம் பட்டியல் போடும். சிலரை 'வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் போகலாம்' என்று விட்டுவிடும். சிலரை 'விற்பனைக்கு' என்று அறிவித்து ஒரு விலை குறிக்கும். மற்றவர்களைத் 'தக்கவைத்துக்கொள்கிறோம்' என்று எழுதும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தக்கவைத்த பட்டியலில் பெயர் இருக்கும் ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும்? பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆகவே சம்பளம் கிடையாது. ஆனால் பதிவு இன்னும் பழைய குழுவின் கையில் இருக்கிறது. ஆகவே வேறு லீக் குழுவுக்கும் போக முடியாது. வேலையும் கொடுக்க மாட்டார்கள், விடுவிக்கவும் மாட்டார்கள். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அந்தக் கதைதான்!

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் இருவரையும் கட்டுகிறது. முடிந்த பிறகு ஒருவரை மட்டும் கட்டுகிறது. காற்பந்து ஆட்டக்காரர்கள் எழுபது ஆண்டுகளாகப் போராடியது இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கத்தான்.

1901ஆம் ஆண்டு இரண்டாவது முடிச்சும் விழுந்தது. எவ்வளவு சிறந்த ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. அந்நாளில் ஒரு தொழிலாளிக்கு 4 பவுன் நல்ல சம்பளம்தான். மறுக்கவில்லை. ஆனால் 1905ஆம் ஆண்டு ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை சண்டர்லேண்டு குழுவிடமிருந்து மிடில்ஸ்பரோ குழு 1,000 பவுன் கொடுத்து வாங்கியது. ஓர் ஆட்டக்காரருக்கு ஆயிரம் பவுன் விலை என்பது அதுவே முதல் முறை. நாடே வாய் பிளந்தது. அந்த ஆயிரம் பவுன் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குப் போனது. ஆடுகிறவரின் வாரச் சம்பளத்துக்கு வரம்பு அதே 4 பவுன்தான்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, கோடைச் சம்பளம். ஆட்டம் இல்லாத மாதங்களில் சம்பளம் குறையும். 1922ஆம் ஆண்டு உச்சவரம்பை 9 பவுனிலிருந்து 8 பவுனுக்கு இறக்கினார்கள். அந்த 8 பவுனும் ஆட்டம் நடக்கும் 37 வாரங்களுக்குத்தான். மீதி 15 வாரங்களுக்கு 6 பவுன். ஆகவே கோடை வந்தால் பல ஆட்டக்காரர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுபோனால் வீட்டுக் கணக்கு எப்படித் தடுமாறும் என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றது, வீடு. பல ஆட்டக்காரர்கள் குழு கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். குழுவை எதிர்த்தால் வேலையோடு வீடும் போகும். மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சத்தின் எடை தெரியும்.

இந்த நிலையை எதிர்த்து 1907ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர்கள் கூடினார்கள். அவர்களில் முக்கியமானவர் பில்லி மெரடித். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனவர். வாயில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டே ஓரத் திடலில் ஓடி வரும் அவரைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அவரும் நண்பர்களும் சேர்ந்து ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்தார்கள்.

1909 ஏப்ரலில் மெரடித் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் குழு முதல் முறையாக எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. வெற்றிக் களிப்பு அடங்குவதற்குள் கோடை வந்தது. கோடையோடு சண்டையும் வந்தது. ஆட்டக்காரர் சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களின் பொதுச் சம்மேளனத்தோடு இணைய முயன்றது காற்பந்துச் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பஞ்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் இவர்களும் ஆட மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஜூலை முதல் தேதிக்குள் தொழிற்சங்கத்தை விட்டு விலக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து என்று கட்டளை பிறந்தது.

பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளை குட்டிக்காரர்கள். ஆனால் கிண்ணம் வென்ற மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்தார்கள். கோடைச் சம்பளம் நின்றது. சொந்தத் திடலில் பயிற்சி செய்ய வழியில்லை. அவர்கள் ஃபாலோஃபீல்டு என்னும் இடத்தில் தாங்களே கூடிப் பயிற்சி செய்தார்கள். ஒருநாள் புகைப்படம் எடுக்க ஒருவர் வந்தார். குழுத் தலைவர் சார்லி ராபர்ட்ஸ் நடுவில் அமர, ஒரு பலகையில் 'ஒதுக்கப்பட்டோர் காற்பந்துக் குழு, 1909' என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் கிண்ணம் வென்ற குழு தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது!

புதிய ஆண்டுப் போட்டிகள் தொடங்க ஒருநாள் இருக்கையில், ஆகஸ்டு 31ஆம் தேதி, சமாதானம் ஏற்பட்டது. ஆட்டக்காரர் சங்கம் பிழைத்தது. ஆனால் பிற தொழிற்சங்கங்களோடு இருந்த உறவை அது கைவிட வேண்டியதாயிற்று. சம்பள வரம்பும் போகவில்லை, தக்கவைக்கும் விதியும் போகவில்லை. 1912ஆம் ஆண்டு ஆஸ்டன் வில்லா குழுவை எதிர்த்துக் கிங்கபி என்ற ஆட்டக்காரர் நீதிமன்றம் போனார். தோற்றார். வழக்குச் செலவு ஆட்டக்காரர் சங்கத்தை நொடித்துப் போட்டது. அதன்பின் நீண்ட காலம் யாரும் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்து மக்கள் திடல்களை நோக்கித் திரண்டார்கள். 1948-49ஆம் ஆண்டுப் போட்டிகளைப் பார்க்க 4 கோடி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. குழுக்களின் பெட்டி நிறைந்தது. ஆட்டக்காரரின் உச்சச் சம்பளம் அப்போது வாரத்துக்கு 12 பவுன்.

அந்தச் சமயத்தில் வில்ஃப் மானியன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிடில்ஸ்பரோ குழுவில் இருந்தார். இங்கிலாந்து நாட்டுக் குழுவுக்காக ஆடியவர். 1948ஆம் ஆண்டுக் கோடையில் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு குழுவுக்குப் போக விரும்பிக் கையெழுத்துப் போட மறுத்தார். குழு விடவில்லை. சம்பளம் நின்றது. ஓல்டம் ஊருக்குப் போய், கோழிக்கூண்டு விற்கும் வேலை பார்த்தார். கோடை போயிற்று, இலையுதிர் காலம் போயிற்று, கிறிஸ்மஸும் போயிற்று. 1949 ஜனவரியில் மனம் தளர்ந்து பழைய குழுவுக்கே திரும்பினார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் தனியே நின்று பார்த்துத் தோற்றார். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் கூலி வேலை செய்தும் பிழைத்தார்.

1950ஆம் ஆண்டுக் கோடையில் இன்னொரு செய்தி இங்கிலாந்தை உலுக்கியது. ஸ்டோக் குழுவின் நீல் ஃபிராங்க்ளின், நாட்டுக் குழுவின் நடுத் தடுப்பாளர், மனைவி மகனோடு தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அந்நாட்டு லீக் அப்போது அனைத்துலகச் சங்கத்துக்குக் கட்டுப்படாமல் தனியே நடந்தது. ஆகவே மாற்றுக் கட்டணமும் இல்லை, தக்கவைக்கும் விதியும் இல்லை. போகோட்டா நகரத்துக் குழு பல மடங்கு சம்பளம் தருவதாகச் சொன்னது. போன இடத்தில் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களில் திரும்பிவிட்டார். திரும்பியவரை ஆடவிடாமல் தடை செய்தார்கள். பிறகு இரண்டாம் டிவிஷனில் இருந்த ஹல் குழுவுக்கு விற்றார்கள். நாட்டுக்காக அவர் மீண்டும் ஒருமுறைகூட ஆடவில்லை.

1952ஆம் ஆண்டு டாம் ஃபின்னியின் முறை. பிரஸ்டன் ஊரில் பிறந்து பிரஸ்டன் குழுவுக்கே ஆடியவர். குழாய் வேலையும் தெரிந்தவர். ஆட்டத்தோடு அந்தத் தொழிலையும் செய்தார். அந்த ஆண்டு ஆட்டம் முடிந்து நாட்டுக் குழுவோடு இத்தாலி போனபோது, பலெர்மோ என்னும் குழு அவரை அழைத்தது. கையெழுத்துப் போட்டதும் 10,000 பவுன், கடலோர நாட்டில் ஒரு மாளிகை வீடு, ஒரு கார். இங்கிலாந்தில் அப்போது உச்சச் சம்பளம் வாரத்துக்கு 14 பவுன். ஊர் திரும்பிக் குழு நிர்வாகத்திடம் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஃபின்னி முணுமுணுக்காமல் மறுபடியும் பிரஸ்டன் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெறும் வரையில் வேறு லீக் குழுவுக்கு ஆடவே இல்லை. அவருடைய விசுவாசத்தை இன்றும் புகழ்கிறார்கள். புகழத்தான் வேண்டும். ஆனால் போவதற்கு வழியே இல்லாதவரின் விசுவாசத்தை நாம் எந்தத் தராசில் நிறுப்பது?

மானியன், ஃபிராங்க்ளின், ஃபின்னி ஆகிய மூவரும் தனித்தனியே கதவைத் தட்டியவர்கள். கதவு திறக்கவில்லை.

1957ஆம் ஆண்டு ஃபுல்ஹாம் குழுவின் ஜிம்மி ஹில் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். தாடி வைத்த மனிதர். பேச்சில் வல்லவர். அவர் ஊர் ஊராகக் கூட்டங்கள் போட்டு ஆட்டக்காரர்களை ஒன்றுதிரட்டினார். 1958இல் உச்சச் சம்பளம் 20 பவுனானது. கோடையில் 17 பவுன். சங்கம் அதோடு நிறைவடையவில்லை. உச்சவரம்பே வேண்டாம், ஒப்பந்தம் முடிந்தவரை விடுவிக்க வேண்டும் என்று கேட்டது. மறுத்தால் வேலைநிறுத்தம் என்று அறிவித்தது.

மான்செஸ்டரில் நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றிப் பின்னாளில் ஜிம்மி ஹில் பலமுறை சொல்லியிருக்கிறார். இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தம் தந்தை சுரங்கத்தில் வேலை செய்கிறார் என்றும், அவரைவிடத் தமக்குக் கூடுதலாகவே கிடைக்கிறது என்றும், இதற்குமேல் கேட்பது சரியாகாது என்றும் பேசினார். அரங்கில் அமைதி. அப்போது போல்டன் குழுவின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். அவரும் சுரங்க வேலை அறிந்தவர்களின் ஊர்க்காரர். உன் தந்தையின் வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர் கரி வெட்டுவதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் காசு கொடுத்து வருவதில்லை, இதோ இங்கே இருக்கும் ஸ்டான்லி மேத்யூசை நான் தடுத்து நிறுத்துவதைப் பார்க்க வருகிறார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார். அதன்பின் கூட்டத்தில் சந்தேகம் இல்லாமற் போயிற்று.

அந்த இளைஞர் சொன்னதை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 'நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது நாம் கேட்கலாமா?' என்பது நல்ல மனத்தில் எழும் கேள்விதான். ஆனால் ஒரு தொழிலாளியின் குறைந்த கூலியைக் காட்டி இன்னொரு தொழிலாளியின் வாயை அடைத்தால், முன்னவருக்கு ஒரு காசும் கூடப்போவதில்லை. திடலில் சேர்ந்த பணம் சுரங்கத்துக்குப் போகவில்லை.

1961 ஜனவரி 21, சனிக்கிழமை, வேலைநிறுத்த நாளாகக் குறிக்கப்பட்டது. தொழில் அமைச்சு நடுவில் வந்து பேச்சு நடத்தியது. மூன்று நாள் இருக்கையில், ஜனவரி 18ஆம் தேதி, லீக் பணிந்தது. அறுபது ஆண்டு உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் குழு தன் ஆட்டக்காரரும் இங்கிலாந்துக் குழுத் தலைவருமான ஜானி ஹெயின்ஸ் என்பவருக்கு வாரம் 100 பவுன் கொடுத்தது. இருபது எங்கே, நூறு எங்கே!

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மற்ற முடிச்சு, அதாவது ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் பிடித்து வைக்கும் விதி, அப்போதும் போகவில்லை. அதை அவிழ்த்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்டம். இவரும் ஆட்டக்காரரின் மகன். தந்தை மகன் இருவரும் இங்கிலாந்துக் குழுவுக்கு ஆடியவர்கள். மகன் ஈஸ்ட்டம் நியூகாசல் குழுவில் இருந்தபோது, தமக்குக் கொடுத்த வீடு சரியில்லை என்பது உட்படச் சில மனக்குறைகள் ஏற்பட்டன. 1960 ஜூன் 30ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. புதியதில் கையெழுத்துப் போட மறுத்தார். நியூகாசல் அவரைத் தக்கவைத்த பட்டியலில் எழுதியது.

மானியனுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. சம்பளம் இல்லை, விடுதலையும் இல்லை. ஈஸ்ட்டம் தெற்கே போய், ஒரு நண்பரிடம் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். ஆகஸ்டில் போட்டிகள் தொடங்கின, அவர் ஆடவில்லை. செப்டம்பர், அக்டோபர் கடந்தன. நவம்பரில் நியூகாசல் இறங்கிவந்து 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனல் குழுவுக்கு விற்றது.

அவருடைய சொந்தக் காரியம் முடிந்துவிட்டது. விரும்பிய இடம் கிடைத்துவிட்டது. இனி எதற்கு வழக்கு என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஆட்டக்காரர் சங்கம் துணை நிற்க, அவர் வழக்கைத் தொடர்ந்தார். அடுத்து வருபவனுக்கு இந்த நிலை வரக்கூடாதல்லவா? 1963 ஜூலை 4ஆம் தேதி, அதுவும் ஒரு கோடை நாள், நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார். தக்கவைக்கும் விதி ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்து பிழைப்பதை நியாயமற்ற முறையில் தடுக்கிறது, ஆகவே அது செல்லாது என்பது தீர்ப்பின் சாரம்.

அதன்பின் விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1978ஆம் ஆண்டு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பிய குழுவுக்குப் போகும் உரிமை பெற்றார். ஆனாலும் பழைய குழுவுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. 1990இல் பெல்ஜியம் நாட்டின் ஜான் மார்க் போஸ்மன் என்ற ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்தும் போக முடியாமல் சிக்கிக்கொண்டார். அவர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவருக்கு விலை கேட்கக்கூடாது என்று ஆயிற்று. இன்று கோடைதோறும் 'ஒப்பந்தம் முடிந்து இலவசமாக மாறினார்' என்று செய்தி படிக்கிறோமே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

கதையை இங்கே முடித்தால் அது பாதி உண்மையாகிவிடும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்ன ஊர்க் குழுக்கள் தாங்காது என்று நிர்வாகிகள் அஞ்சியது முழுப் பொய்யன்று. 1960ஆம் ஆண்டு முதல் டிவிஷன் பட்டத்தை வென்றது பர்ன்லி. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வாழ்ந்த பஞ்சாலை ஊர் அது. உச்சவரம்பு ஒழிந்த 1961ஆம் ஆண்டே ஃபின்னியின் பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இன்று வரை உச்சநிலைக்குத் திரும்பவில்லை. 1964இல் போல்டனும், 1967இல் பிளாக்பூலும் இறங்கின. இதற்குச் சம்பளம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பஞ்சாலைத் தொழிலே அந்த ஊர்களில் நலிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பணம் உள்ள இடத்துக்கு ஆட்டக்காரர் போவது எளிதானது என்பதும் உண்மை. சின்ன ஊர்களைக் காப்பது நல்ல நோக்கம். அந்தச் செலவை ஆடுகிறவனின் தோளில் மட்டும் ஏற்றியதுதான் தவறு. பெரிய குழுக்களின் வரவைச் சின்னக் குழுக்களோடு எப்படிப் பகிர்வது என்ற விவாதம் இன்றைய கோடைகளிலும் ஓயவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை வேலைக்குப் போவீர்கள். தொழிற்சாலையோ, கடையோ, அலுவலகமோ, ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நம் வழக்கம் என்ன? சம்பளம் எவ்வளவு என்ற வரியை மட்டும் பார்ப்போம். அந்த வரியை ஆட்டக்காரர்களும் பார்த்தார்கள். 4 பவுன், 8 பவுன், 20 பவுன். அந்தந்தக் காலத்தில் அது குறைவாகவும் தெரியவில்லை. அவர்களை வருத்தியது கடைசிப் பக்கத்தில் இருந்த வரி. தவணை முடிந்தால் என்ன? நான் விலக விரும்பினால் என்ன? அவர்கள் விலக்கினால் என்ன? வீடு யாருடையது? வேறிடம் போகத் தடை உண்டா? ஓர் ஒப்பந்தம் நேர்மையானதா என்பது அது தொடங்கும் நாளில் தெரியாது. முடியும் நாளில்தான் தெரியும். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே முடியும் நாளைப் பற்றிப் படித்துவிடுங்கள். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இரவில் கண் விழித்து இங்கிலாந்துக் காற்பந்து பார்க்கிறான் என்று கோபித்துக்கொள்வீர்கள். கோபத்தில் நியாயம் உண்டு. மறுநாள் பள்ளி இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில், ஆட்டமே இல்லாதபோது, யார் எங்கே போகிறார் என்ற செய்தியை அவன் ஆவலோடு படிக்கும்போது, அவன் அருகில் அமர்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கோழிக்கூண்டு விற்ற மானியனையும், தக்கை விற்ற ஈஸ்ட்டத்தையும் சொல்லுங்கள். முன்னவர் துணையின்றித் தோற்ற அதே இடத்தில் பின்னவர் சங்கத்தின் துணையோடு வென்றார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.